தண்டவாளம் அடிக்காத நாள்

"யாரும் வரமாட்டேங்கிறாங்க, சாமி."

பரஞ்சோதி மேட்டு மடத்து வாசலில் நின்றுகொண்டு சொன்னார். வேட்டியில் முழங்கால்வரை சேறு.

"வந்தாங்களே," என்றார் உலகம்மை.

"யாரு வந்தா?"

"நீங்க."

பரஞ்சோதிக்குக் கோபம் வந்தது. ஊரே சாகக் கிடக்கும்போது சாமிக்கு விளையாட்டா?

உலகம்மை விளையாடவில்லை. அடுப்பில் ஒரு பெரிய பானை நிறையக் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. நூறு பேர் குடிக்கலாம். அன்று குடிக்க வந்தவர் பரஞ்சோதி ஒருவர்தான்.

ஊற்றடி என்பது மலைச்சரிவில் முப்பத்தோரு வீடு. வீடுகளுக்குப் பக்கத்தில் ஓடை, மேலே மேடு, மேட்டில் ஓட்டுக் கூரை போட்ட மடம். மடத்தில் உலகம்மை. வயது நாற்பது இருக்கும். எங்கிருந்தோ வந்தார், தங்கிவிட்டார். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லும் பழக்கம் அவருக்குக் கிடையாது. அதனாலேயே ஊர் அவரைச் சாமி என்றது.

அவருக்கு ஒரே ஒரு சீடர். அவரைவிட இருபது வயது மூத்த பரஞ்சோதி.

பரஞ்சோதிக்கு ஊரில் ஒரு வேலை உண்டு. புளியமரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். மலை சரியும் என்று தோன்றினால் இரும்புக் கம்பியால் அதை அடிக்க வேண்டும். அடித்தால் ஊர் மேட்டுக்கு ஏற வேண்டும். அவருடைய அப்பா காலத்திலிருந்து அதுதான் ஏற்பாடு.

ஐந்து வருடத்துக்கு முன்னால் ஒருநாள் அடித்தார். ஊர் ஏறியது. மலை சும்மா இருந்தது. ஊர் சிரித்துக்கொண்டே இறங்கியது.

அடுத்த வருடம், விளக்கு வைக்கும் நேரத்தில், ஓடையில் கல் உருளும் சத்தம் அவருக்குக் கேட்டது. கம்பியைக் கையில் எடுத்தார். போன வருடத்துச் சிரிப்பு ஞாபகம் வந்தது. இன்னொரு தடவை கேட்கட்டும் என்று நின்றார். ஒரு வெற்றிலை போடும் நேரம்தான் நின்றார்.

பதினேழு பேர் மண்ணுக்குள் போனார்கள். அதில் அவருடைய மகன் சுருளியும் ஒருவன்.

அன்றிலிருந்து பரஞ்சோதி ஒரு மேகத்தையும் விடுவதில்லை. தூறினால் அடிப்பார். இடித்தால் அடிப்பார். ஒருமுறை பக்கத்து ஊர்த் திருவிழா வெடிக்கும் அடித்தார்.

முதல் வருடம் ஊர் ஓடி வந்தது. இரண்டாம் வருடம் வானத்தைப் பார்த்துவிட்டு நடந்து வந்தது. மூன்றாம் வருடம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது. இப்போது புரண்டுகூடப் படுப்பதில்லை.

"ஊருக்குக் காது போச்சு, சாமி. நேத்து கை வலிக்க வலிக்க அடிச்சேன். ஒரு குருவிகூடப் பறக்கல."

உலகம்மை கஞ்சியைக் கிண்டினார்.

"இன்னும் பெரிய தண்டவாளமா வாங்கித் தொங்கவிடலாமான்னு பாக்குறேன்."

உலகம்மை அவர் இடுப்பைப் பார்த்தார். இரும்புக் கம்பி அங்கேதான் செருகியிருந்தது. தூங்கும்போதுகூட அது அவரோடுதான் இருக்கும்.

"அதக் கொஞ்சம் குடுங்கண்ணே."

கொடுத்தார்.

உலகம்மை மடத்துக்குப் பின்னால் போனார். புதிதாய் முளைத்த பாகற்கொடி ஒன்று தரையில் கிடந்தது. பக்கத்தில் கம்பியை ஊன்றி, கொடியை எடுத்து அதில் சுற்றிவிட்டார்.

"சாமி! மழை வந்தா?"

"வந்தா வாயால சொல்லுங்க."

பரஞ்சோதி கெஞ்சினார். சண்டை போட்டார். மடத்து வாசலில் உட்கார்ந்து அழவும் செய்தார். கம்பியை அவரே பிடுங்கிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் கொடி அதற்குள் ஒரு சுற்றுச் சுற்றியிருந்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் மழை பிடித்தது.

பரஞ்சோதியின் கை இடுப்புக்குப் போனது. அடிக்கக் கம்பி இல்லை. தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு முதல் வீட்டுக் கதவைத் தட்டினார்.

முத்துப்பேச்சி திறந்தாள்.

"மழை வலுக்குது. ஏறணும் தாயி."

"நீங்க ஏறுங்கண்ணே. நாங்க வரல."

"உயிர் மேல ஆசை இல்லையா?"

முத்துப்பேச்சி கதவை இன்னும் கொஞ்சம் திறந்தாள். உள்ளே கயிற்றுக் கட்டிலில் அவளுடைய மாமனார் படுத்திருந்தார். இடது கையும் இடது காலும் அசையாது.

"இவர வச்சுக்கிட்டு எப்படி ஏற? விட்டுட்டுத்தான் எப்படி ஏற?"

"எத்தன நாளா இப்படி இருக்காரு?"

"ரெண்டு வருஷமா."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"நீங்க எங்க கேட்டீங்க? தண்டவாளத்தத்தான் அடிச்சீங்க."

பரஞ்சோதி தலைச் சாக்கை இழுத்துவிட்டுக்கொண்டு படியிறங்கினார்.

அடுத்த வீடு அங்கமுத்துவுடையது. "வரலாம்தான். ஆனா அங்க செல்லாண்டி வருவான். அவன் மூஞ்சியில முழிக்கிறதுக்கு மண்ணுக்குள்ளயே போயிரலாம்."

அதற்கடுத்த வீட்டில் செல்லாண்டி. "எங்கண்ணன் வருவாரா? அப்ப நான் வரல."

அண்ணனுக்கும் தம்பிக்கும் நடுவில் ஒரு பலாமரம். ஆறு வருடமாகப் பேச்சு கிடையாது. பலா மட்டும் ஒழுங்காகக் காய்த்துக்கொண்டிருந்தது.

பரஞ்சோதி மழையில் நின்று யோசித்தார். பிறகு அண்ணனிடம் போய், "பேச வேண்டாம்ப்பா. ஒரு கட்டிலத் தூக்கணும், அவ்வளவுதான்," என்றார். தம்பியிடம் போய் அதையே சொன்னார்.

கட்டிலின் தலைமாட்டை அங்கமுத்து பிடித்தார். கால்மாட்டைச் செல்லாண்டி பிடித்தார். மேடு முடியும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. வழுக்குப் பாறையில் மட்டும் தம்பி, "பாத்து," என்றார். கட்டிலில் படுத்திருந்தவரிடம் சொன்னதாக இருவரும் எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு வீட்டில் மாடு சினையாக இருந்தது. அதை மெல்ல ஓட்டிக்கொண்டு வர இரண்டு பேர் கிடைத்தார்கள். ஒரு வீட்டில் பெண் பெரியவளாகிப் மூன்று நாள்தான் ஆகியிருந்தது, வெளியே கூட்டி வரக்கூடாது. மடத்துக்குப் பின்னால் ஓலைத் தடுப்புக் கட்டித் தருகிறேன் என்று பரஞ்சோதி சொன்னதும் தாய் பாயைச் சுருட்டினாள். எல்லா வீட்டிலும் ஏதோ ஒன்று இருந்தது. காது மட்டும் எல்லாருக்கும் நன்றாகவே கேட்டது.

மேட்டில் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார் உலகம்மை.

"எல்லாரும் வந்தாச்சா?"

பரஞ்சோதி தரையைப் பார்த்தார்.

"ஒரு வீடு பாக்கி."

"எந்த வீடு?"

அவர் சொல்லவில்லை. கூட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். அவர்களும் சொல்லவில்லை.

"கஞ்சி ஆறிரும்," என்றார் உலகம்மை. "போய்க் கூட்டிட்டு வாங்க."

பரஞ்சோதி திரும்ப இறங்கினார்.

அது பூரணத்தின் வீடு. சுருளியின் மனைவி பூரணம். நான்கு வருடமாக மருமகள் வீட்டு வாசலை அவர் மிதிக்கவில்லை. குழாயடியில் அவள் நின்றால் குடத்தோடு திரும்பிவிடுவார். அவள் முகத்தைப் பார்க்கும் தைரியம் அவருக்கு இல்லை.

கதவு முன்னால் நின்றார். தட்டக் கை எழவில்லை. தண்டவாளத்தை எத்தனை ஆயிரம் தடவை அடித்த கை.

கடைசியில் தட்டினார்.

பூரணம் கதவைத் திறந்தாள். அவரைப் பார்த்தாள். உள்ளே போய் ஒரு துண்டு எடுத்துவந்து நீட்டினாள்.

"தலையத் துவட்டுங்க மாமா."

அவர் துண்டை வாங்கவில்லை.

"பூரணம், ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு ஓடையில கல்லு உருண்டுச்சுல்ல, அது எனக்கு முன்னாடியே கேட்டுச்சு. கம்பி கையிலதான் இருந்துச்சு. அடிச்சு ஒண்ணும் நடக்கலன்னா ஊரு சிரிக்குமேன்னு நின்னுட்டேன். நின்னுட்டேன் தாயி. எம்மவன நான்தான் கொன்னேன்."

மழை ஓட்டில் விழுந்துகொண்டிருந்தது.

"எனக்கும் கேட்டுச்சு மாமா."

பரஞ்சோதி நிமிர்ந்தார்.

"அவரு ஓடைப் பக்கம் மாட்ட அவுக்கப் போனாரு. நான் இங்க வாசல்ல நின்னேன். கல்லு உருண்டுச்சு. ஒரு சத்தம் குடுத்திருந்தா திரும்பியிருப்பாரு. தண்டவாளம் அடிக்கலையே, அப்ப ஒண்ணும் இருக்காதுன்னு நான் சும்மா இருந்துட்டேன்."

துண்டு இன்னும் அவள் கையிலேயே இருந்தது.

"முத்துப்பேச்சிக்கும் கேட்டுச்சாம். அங்கமுத்து அண்ணனுக்கும் கேட்டுச்சாம். எல்லாரும் தண்டவாளம் அடிக்கட்டும்னு உக்காந்திருந்தோம். எங்களுக்குள்ள குசுகுசுன்னு சொல்லிக்கிட்டதுதான், உங்ககிட்ட யாரும் சொல்லல. இப்ப அந்தத் தண்டவாளச் சத்தம் கேட்டா எனக்குக் கை கால் ஓடாது மாமா. கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்துக்குவேன். எப்படி மேட்டுக்கு வர?"

பரஞ்சோதி அழுதார். அவளும் அழுதாள். நான்கு வருடமாக அவரவர் வீட்டில் தனித்தனியாக அழுததை அன்று ஒரே வாசலில் அழுதார்கள். பிறகு ஒரே சாக்கைத் தலையில் பிடித்துக்கொண்டு மேட்டுக்கு ஏறினார்கள்.

அன்று மலை சரியவில்லை.

மழை விட்டதும் ஊர் இறங்கியது. இந்தத் தடவையும் சிரித்தது. செல்லாண்டியும் அங்கமுத்துவும் கட்டிலைத் தலைமாறிப் பிடித்துக்கொண்டு, யார் முன்னால் போவது என்று கண்ணாலேயே சண்டை போட்டதைப் பார்த்துச் சிரித்தது.

பரஞ்சோதிக்கு மறுநாள் காய்ச்சல் கண்டது. நனைந்தது கொஞ்சமா? ஒரு வாரம் ஆகியும் எழ முடியவில்லை. ஆள் மாற்றி ஆள் வந்து வெந்நீர் வைத்துக் கொடுத்தார்கள்.

ஒன்பதாம் நாள் காலை. நன்றாக விடிந்திருந்தது. மழைகூடப் பெரிதாக இல்லை, பிசுபிசுவென்று தூறல்தான்.

காய்ச்சல் மயக்கத்தில் கிடந்தவரின் கதவு தட்டப்பட்டது.

"மாமா, எந்திரிங்க. ஏறணும்."

பூரணம் நின்றாள். அவளுக்குப் பின்னால் செல்லாண்டி.

"என்னம்மா, என்ன ஆச்சு?"

"அப்புறம் பேசலாம். முதல்ல எந்திரிங்க."

"ஊருக்குச் சொல்லணுமே!"

"சொல்லியாச்சு. ஊரு மேல இருக்கு. நீங்க ஒருத்தர்தான் பாக்கி."

செல்லாண்டி அவரை முதுகில் தூக்கிக்கொண்டார்.

அவர்கள் மடத்து வாசலை மிதிக்கவும் மலை இறங்கவும் சரியாக இருந்தது. பெரிய சத்தம்கூட இல்லை. நீளமாக ஒரு பெருமூச்சு, அவ்வளவுதான். மரங்கள் நின்ற நிலையிலேயே நகர்ந்தன. புழுதி இல்லை, வெறும் சேறு. அது அடங்கியபோது பதினோரு வீடு இருந்த இடத்தில் சிவப்பு மண் இருந்தது.

முத்துப்பேச்சி தலைகளை எண்ணினாள். ஓலைத் தடுப்புக்குப் பின்னால் இருந்த பெண்ணையும் சேர்த்து எண்ணினாள். இரண்டாம் தடவையும் எண்ணினாள்.

"நூத்தி நாலு," என்றாள். "எல்லாரும் இருக்கோம்."

அப்புறம்தான் அழுகைச் சத்தம் எழுந்தது. வீடு போனவர்கள் அழுதார்கள். வீடு போகாதவர்களும் அழுதார்கள். ஆனால் அழுவதற்கு எல்லாரும் இருந்தார்கள்.

உலகம்மை அடுப்பை மூட்டினார். பானையை ஏற்றினார். பக்கத்தில் சுவரோரம் படுக்க வைத்திருந்த பரஞ்சோதி மெல்லத் தலையைத் தூக்கினார்.

"சாமி."

"சொல்லுங்கண்ணே."

"நான் படுத்துக் கெடந்தேன். தண்டவாளம் அடிக்கல. நான் வாயால சொல்லவும் இல்ல. ஊரு எப்படி ஏறுச்சு?"

உலகம்மை அரிசியைக் களைந்துகொண்டிருந்தார். தலை நிமிராமல் பூரணம் இருந்த பக்கம் கையைக் காட்டினார்.

பரஞ்சோதி எழுந்தார். சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து அவளிடம் போனார்.

"நீயாம்மா?"

"ஓடையில கல்லு உருண்ட மாதிரி இருந்துச்சு மாமா."

"மலைதான்னு உனக்கு நிச்சயமாத் தெரிஞ்சுதா?"

"தெரியல."

"பின்ன என்ன செஞ்ச?"

"பயமா இருந்துச்சு," என்றாள் பூரணம். "பக்கத்து வீட்டுக் கதவத் தட்டினேன்."