பொன்னுரங்கம் காருக்குத் திருஷ்டி கழித்த கதை

சோளிங்கர் பக்கம் பொன்னுரங்கம் என்றொரு மகானுபாவர் வெள்ளைக் கார் வாங்கினார். ஆசைக்கு இல்லை, மானத்துக்கு. வெள்ளிக்கிழமை அவர் மனைவி நாகபூஷணத்தின் அக்கா வீட்டுக் கிரகப்பிரவேசம். "இந்தத் தடவையும் ஷேர் ஆட்டோவுல போய் இறங்கினா, நான் அக்கா மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்" என்று அந்தம்மா கறாராகச் சொல்லிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை கார் வாசலுக்கு வந்தது. எதிர்வீட்டு அம்மா பானெட்டை ஒரு பார்வை பார்த்தாள். திருஷ்டி பட்டுவிட்டது என்று பொன்னுரங்கம் முடிவு கட்டினார். உடனே பூசணிக்காய் வாங்கி வரச் செய்து, தம்பிகள் ஏகாம்பரம், தணிகாசலத்தோடு ஆலோசனையில் உட்கார்ந்தார்.

"எல்லாரும் ரோட்டுலதானே உடைக்கிறாங்க?" என்றார்.

"விவரம் கெட்டவங்க அண்ணா. அந்தம்மா கண்ணு பட்டது ரோட்டு மேலயா?" என்றான் ஏகாம்பரம்.

"பானெட்டு மேல."

"அப்போ திருஷ்டி எங்கே உட்கார்ந்திருக்கும்?"

அடேயப்பா, என்ன மூளை! பொன்னுரங்கம் தம்பியை நினைத்துப் பூரித்துப் போனார். ஏகாம்பரம் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார, அவர் சூடத்தட்டைச் சுற்ற, தணிகாசலம் பன்னிரண்டு கிலோ பூசணியைத் தலைக்கு மேல் தூக்கி ஒரே போடாகப் போட்டான். திருஷ்டி ஒழிந்தது. பானெட்டும் முன்கண்ணாடியும் கூடவே ஒழிந்தன.

பதறிப்போய் இன்சூரன்ஸுக்குப் போன் போட்டார்கள். "சர்வேயர் வர்ற வரைக்கும் எல்லாம் நடந்தப்போ இருந்த மாதிரியே இருக்கட்டும் சார். எதையும் தொடாதீங்க" என்றது ஒரு பெண் குரல்.

அப்படியே இருந்தார்கள். ஏகாம்பரம் ஸ்டியரிங்கில். தணிகாசலம் இரண்டு கையையும் தூக்கியபடி. பொன்னுரங்கம் சூடத்தட்டோடு; சூடம் அணைய அணைய நாகபூஷணம் புதுசாகப் போட்டாள். நடுவில் ஒரு பசு வந்து பூசணியைத் தின்ன ஆரம்பித்தது.

"அண்ணா, நடந்தப்போ மாடு இல்லையே! விரட்டட்டுமா?" என்றான் தணிகாசலம்.

"எதையும் தொடாதேன்னாங்களேடா. மாடும் அதுல சேர்த்திதான்."

சாயங்காலம் நாலு மணிக்கு சர்வேயர் தன் சொந்தக் காரில் வந்து இறங்கினார். நின்றவர்களைப் பார்த்தார், பசுவைப் பார்த்தார். தலை சுற்றியது.

"என்னய்யா இது? எப்படி நடந்துச்சு? சொன்னா புரியாது போல. செஞ்சு காட்டுங்க."

பொன்னுரங்கம் தர்மசங்கடமாக நெளிந்தார். தங்கள் காரைத்தான் தொடக்கூடாதே! நல்லவேளை, சர்வேயருடைய கார் பக்கத்திலேயே நின்றது. வீட்டில் இன்னொரு பூசணியும் இருந்தது. தணிகாசலம் கொஞ்சமும் குறை வைக்காமல் செய்து காட்டினான்.

"ஐயோ, என் காரு!" என்று சர்வேயர் பாய்ந்தார். பொன்னுரங்கம் குறுக்கே விழுந்து தடுத்தார்.

"தொடாதீங்க சார்! சர்வேயர் வரணும்."

"நான்தான்யா சர்வேயர்!"

"உங்க வண்டியை நீங்களே பார்த்தா கம்பெனி ஒத்துக்குமா? கையை அப்படியே வெச்சுக்கிட்டு நில்லுங்க."

நாகபூஷணத்துக்கு அழுகை முட்டியது. "அப்போ வெள்ளிக்கிழமை நான் ஆட்டோவுலதானா?"

"அடி பைத்தியமே, உங்க அக்கா வீட்டுல எத்தனை கார்?"

"ஒண்ணு."

"நம்ம வாசல்ல?"

எண்ணிப் பார்த்தாள். முகம் மலர்ந்து, அந்த நிமிஷமே அக்காவுக்குப் போன் போட ஓடினாள்.

பொன்னுரங்கத்துக்கு மட்டும் திக்கென்றது. எதிர்வீட்டு அம்மா மறுபடி வாசலுக்கு வந்து, இரண்டு காரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தணிகாசலம்," என்றார், "ஓடிப்போய் ரெண்டு பூசணிக்காய் வாங்கிட்டு வாடா. பெருசா பார்த்து."