புளி போட்டுத் தேய்த்த பெயர்

மருதாசலத்தைக் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு புல்வெட்டி வண்டிதான்.

மலைமேல் ஒரு கிளப் இருந்தது. கிளப்புக்கு முன்னால் பெரிய புல்தரை. மருதாசலம் அங்கே தோட்டக்காரர். முப்பத்தெட்டு வருஷமாக அந்த ஒரே வண்டியைத் தள்ளித்தான் புல் வெட்டினார். மேற்கே ஒரு வரி போவார், கிழக்கே ஒரு வரி வருவார். அன்று பாதித் தரை முடிந்திருந்தது. கொடிமரத்துக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, கைப்பிடியை இரண்டு தட்டு தட்டினார்.

"இரு. தண்ணி குடிச்சுப்போட்டு வந்தர்றேன்" என்றார்.

குழாய்ப் பக்கம் நடந்து போனார். வண்டி பார்த்தது அவருடைய முதுகைத்தான். குழாயடியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

இரு என்று சொல்லிவிட்டுப் போனதால் வண்டி இருந்தது. சாயங்காலம் யாரோ வந்து அதை இழுத்துக்கொண்டு போய்க் கொட்டகைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்கள்.

மூன்று வாரம் மழை பெய்தது. வெட்டிய பாதியில் புல் விரல் உயரம் வந்தது. வெட்டாத பாதியில் முழங்காலைத் தொட்டது. கிளப் செக்ரட்டரி சுந்தரவரதன் தினமும் வராந்தாவில் காப்பியோடு வந்து நின்று, "பாதி ஷேவ் பண்ணின மூஞ்சி மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார்.

கொட்டகைக்குள் சண்டை நடந்துகொண்டிருந்தது.

வண்டியில் பேசத் தெரிந்தவர்கள் மூன்று தரப்பு. சுழலும் கத்திகள் ஐந்து பேர், அக்கா தங்கைகள். பின்னால் புல்லை அமுக்கிக்கொண்டு வரும் இரும்பு உருளை. மூன்றாவது, முன்பக்கத்தில் நான்கு திருகு போட்டு முடுக்கியிருந்த பித்தளைப் பெயர்த் தகடு. வேலை செய்தது முதல் இரண்டு தரப்பு. பேசியது மூன்றாவது.

"நான் டிம்பிள்டன் அண்ட் சன்ஸ்" என்றது தகடு. அதை வாரத்துக்கு நாலு தடவையாவது சொல்லும். "ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தைந்தாம் ஆண்டு, ஜோசையா டிம்பிள்டன் என்ற மகான், கம்பளித் துணியில் நீட்டிக்கொண்டிருக்கும் முடியைக் கத்தரிக்கும் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்."

"வேலை வெட்டி இல்லாம நின்னாராக்கும்" என்றாள் மூத்த கத்தி.

"இதையே புல்லின் மேல் ஓட்டினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. அங்கே பிறந்தது நம் வம்சம்."

"அதுக்கு முன்னால புல்லை யாரு வெட்டுனாங்க?"

"ஆடுகள் மேய்ந்தன."

"ஆடு மேஞ்சா அங்கயே உரமும் போட்டுட்டுப் போகும். உங்க மகானால அது முடியுமா?"

உருளை குலுங்கியது. அதற்குச் சிரிப்பு வந்தால் உள்ளே இருக்கும் துரு உதிரும்.

தகடு விடவில்லை. "லண்டன் கண்காட்சியில் நமக்கு வெள்ளிப் பதக்கம் கொடுத்தார்கள்."

"தங்கம் யாருக்கு?"

"வெள்ளியே பெரிய விஷயம்" என்றது தகடு.

"சொல்லு, கேக்கறோம்ல."

"உருளைக்கிழங்கு தோண்டும் ஒரு இயந்திரத்துக்கு."

"சரி, பேருக்குப் பின்னால சன்ஸ்னு இருக்கே. மகனுங்க என்ன பண்ணினாங்க?"

"மூத்தவர் தொழிற்சாலையைப் பெரிதாக்கினார். நாலு கண்டத்துக்குக் கப்பல் ஏற்றினார்."

"சின்னவரு?"

"சின்னவருக்குப் புல் ஒத்துக்கொள்ளாது. பக்கத்தில் போனாலே தும்முவார். அவர் கணக்கில் சேர்த்தியில்லை."

இந்தச் சரித்திரத்தையெல்லாம் மருதாசலம் அறிந்தவரில்லை. அவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. வண்டியின் நெற்றியில் பளபளப்பாக ஏதோ எழுதியிருக்கிறதே, வெள்ளைக்காரன் சாமி பேராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். அதனால் வெள்ளிக்கிழமை தவறாமல் புளியும் சாம்பலும் போட்டுத் தகட்டைத் தேய்ப்பார். ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைத்து, மறுநாள் அதையும் புளி போட்டே எடுப்பார். தகடு கண்ணை மூடிக்கொண்டு, "ஓரத்தில் இன்னும் கொஞ்சம். நடுவில் இன்னும் கொஞ்சம்" என்று முனகும். கத்திகளுக்கு எண்ணெய் சொட்டுச் சொட்டாகத்தான் கிடைத்தது. தகட்டுக்கு வாரா வாரம் குளியல்.

ஒரு திங்கட்கிழமை செக்ரட்டரி கொட்டகைக் கதவைத் திறந்து, வாட்ச்மேனிடம் வண்டியைக் காட்டினார்.

"வியாழக்கிழமை பழைய இரும்புக்காரர் வரார். இதை எடுத்துட்டுப் போகட்டும். தள்ளறதுக்கும் ஆள் இல்லை."

கதவு சாத்தியதும் கத்திகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அரைத் தரை மிச்சம் கிடக்கே" என்றாள் கடைசித் தங்கை. "இருன்னுட்டுப் போனாரே. அதை முடிக்காம உருக்குற கொப்பரைக்குப் போறதா?"

"நமக்கு அந்த அரைத் தரைதான் வேணும்" என்றது உருளை. "அதுக்கப்புறம் எங்க வேணா போட்டு உருக்கிக்கட்டும்."

"கவலைப்படாதீர்கள்" என்றது தகடு. "என் பெயரைப் பார்த்தால் இரும்புக்காரன் தொடமாட்டான்."

"இரும்புக்காரரு எடை போடுறவரு. படிக்கிறவரு இல்ல" என்றாள் மூத்தவள்.

ஆனால் புதன்கிழமை தகடு சொன்னது பலிக்கும்போலத்தான் இருந்தது. சென்னையிலிருந்து நிரஞ்சன் என்று ஒரு கம்பெனிக்காரர் காரில் வந்து இறங்கினார். டிம்பிள்டன் கம்பெனியின் நூற்றைம்பதாம் ஆண்டு விழாவாம். உலகத்திலேயே பழைய டிம்பிள்டன் வண்டியைத் தேடிக்கொண்டிருக்கிறார்களாம். கிடைத்தால் மும்பை ஆபீசில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பார்களாம். கொடுத்தவர்களுக்கு மோட்டார் வைத்த இரண்டு புது வண்டி கடையில் வாங்கி இனாமாகத் தருவார்களாம்.

செக்ரட்டரி ஓடிப் போய்க் கொட்டகையைத் திறந்தார். வண்டியை முற்றத்துக்கு இழுத்து வந்து வெயிலில் நிறுத்தினார்கள். தகடு கண் கூசும்படி மின்னியது.

"பார்த்தீர்களா? கண்ணாடிப் பெட்டி!" என்றது.

"அப்ப அரைத் தரை?" என்றாள் கடைசித் தங்கை.

"சரித்திரம் புல் வெட்டாது, பெண்ணே."

அந்த நேரத்தில் வாசலில் தெய்வானை வந்து நின்றாள். மருதாசலத்தின் மனைவி. புருஷனுடைய கம்பளியும் அரிவாளும் கொட்டகையில் இருந்தன, எடுத்துக்கொண்டு போகலாம் என்று வந்தவள். வழியில் புல்தரையைப் பார்த்துவிட்டு அங்கேயே கொஞ்ச நேரம் நின்றிருந்தாள்.

நிரஞ்சன் தகட்டுக்கு முன்னால் குனிந்தார். போனில் விளக்குப் போட்டுப் பார்த்தார். கைக்குட்டையால் துடைத்துப் பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"சார், இதுல பேர் இல்லையே."

"என்னது? நான் இந்தக் கிளப்புக்கு வந்தப்ப இருந்ததே!"

"நம்பரும் இல்லை, வருஷமும் இல்லை. சுத்தமா வழிச்சு எடுத்த மாதிரி இருக்கு. இந்த ஓரத்துல மட்டும் ஏதோ... 'அண்ட் சன்ஸ்'. அவ்வளவுதான்."

"யாரோட சன்ஸ்?" என்றார் செக்ரட்டரி.

"அதைத்தான் சார் நானும் கேக்கறேன்."

தெய்வானை முன்னால் வந்தாள். "என்ற ஊட்டுக்காரரு வாரா வாரம் புளி போட்டுத் தேச்சாருங்க. சாமி பேருன்னு."

"முப்பத்தெட்டு வருஷமாவா?"

"ஆமாங்க. தீபாவளி, பொங்கல்னா ரெண்டு வாட்டி."

கத்திகள் ஐந்து பேரும் ஒரே சமயத்தில் கிரீச்சிட்டார்கள். எண்ணெய் போடாத சத்தம் என்று மனிதர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

"ஓரத்துல இன்னும் கொஞ்சம், நடுவுல இன்னும் கொஞ்சம்!" என்றாள் மூத்தவள். "தும்மின சின்னப் பையன் மட்டும் மிஞ்சினான் பாரு."

தகடு வாயைத் திறக்கவில்லை. எத்தனையோ வருஷத்தில் அது வாயைத் திறக்காமல் இருந்தது அப்போதுதான்.

நிரஞ்சன் யோசித்தார். "பேர் தெரியாத வண்டியைத் தூக்கிட்டுப் போனா என்னைத் திட்டுவாங்க. ஒண்ணு பண்ணலாம். தகட்டை மட்டும் கொடுங்க. அங்கே எழுத்தைப் புதுசா வெட்டிப் பாலிஷ் பண்ணிக்கறோம்."

"எதுல மாட்டுவீங்க?" என்று கேட்டார் செக்ரட்டரி.

"எங்க புது மாடல்ல."

"புது மாடல் புல்வெட்டியா?"

"இல்லை சார். புல்வெட்டி செய்யறதை எப்பவோ நிறுத்தியாச்சு. அந்தக் குடும்பம் தொழிற்சாலையை வித்தது, அச்சுகளை வித்தது, கடைசியா பேரை வித்தது. அதை ஒரு சோப்புக் கம்பெனி வாங்கிச்சு. அவங்ககிட்டேருந்து நாங்க வாங்கினோம். இப்ப எங்களோடது தாடி வெட்டற மெஷின். நல்லா ஓடுது சார்."

அவர் செக்ரட்டரிக்கு ஒரு விசிட்டிங் கார்டு கொடுத்தார். மரியாதைக்குத் தெய்வானைக்கும் ஒன்று நீட்டினார். வெள்ளை அட்டை, தங்க எழுத்தில் டிம்பிள்டன் அண்ட் சன்ஸ்.

"தாடியா?" என்றாள் மூத்த கத்தி.

"தாடி" என்றது உருளை, மெதுவாக. "நாலு கண்டம் சுத்திட்டு, தாடிக்கு வந்து நிக்குது."

இரண்டு புது வண்டி இல்லை என்று ஆனதும் செக்ரட்டரிக்கு உற்சாகம் போய்விட்டது. "எடுத்துக்கோங்க சார், எதை வேணா எடுத்துக்கோங்க. ஞாயிற்றுக்கிழமை இங்க ரோஜாக் கண்காட்சி. அந்தப் பாதித் தரையை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? இந்த வண்டியை நாளைக்கு இரும்புக்காரருக்குப் போட்டுட்டு, வெளியில ஆள் பிடிக்கணும்."

"நான் வெட்டித் தர்றேனுங்க" என்றாள் தெய்வானை.

"உனக்குத் தெரியுமாம்மா?"

"அவருக்குக் காய்ச்சல் வந்த நாளெல்லாம் யாரு வெட்டுனாங்கன்னு நினைச்சீங்க? விடியக்காலம் வந்து வெட்டிப்போட்டுப் போயிருவேன். நீங்க எந்திரிக்கறதுக்குள்ள முடிஞ்சிரும்."

"அப்படியா! சரி, வெட்டும்மா, பார்க்கலாம்" என்றார் செக்ரட்டரி. கத்திகளுக்கு மட்டும் அது புதுச் செய்தி இல்லை. அந்தக் கையை அவர்களுக்குத் தெரியும். வளைவில் வண்டியைத் தூக்காமல் திருப்பும் கை.

தெய்வானை கொட்டகைக்குள் போய் எண்ணெய்க் குவளையை எடுத்து வந்தாள். ஐந்து பேருக்கும் முகம் கழுவின மாதிரி ஊற்றினாள். அடுத்து, புருஷன் எப்போதும் செய்ததுபோல், கத்தியைச் சோதிக்கக் காகிதம் தேடினாள். அவர் பீடிக்கட்டுக் காகிதத்தைச் சுழல் கத்திக்கும் அசையாத கீழ்க் கத்திக்கும் நடுவில் வைத்துச் சுற்றிப் பார்ப்பார். கிழியாமல் வெட்டினால் புல்லையும் வெட்டும். தெய்வானையிடம் பீடிக்கட்டு இல்லை. கையில் அந்த வெள்ளை அட்டைதான் இருந்தது. அதை வைத்துச் சுற்றினாள்.

க்ளிக்.

டிம்பிள்டன் ஒரு பக்கம் விழுந்தது. அண்ட் சன்ஸ் இன்னொரு பக்கம் விழுந்தது. வெட்டு நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது.

"நல்லா வெட்டுதுங்க" என்று நிரஞ்சனைப் பார்த்துச் சொன்னாள். அவருடைய கம்பெனி வண்டியை மெச்சினால் அவருக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருப்பாள்.

நிரஞ்சன் குனிந்து திருகுகளைக் கழற்றினார்.

மூன்றாவது திருகு வந்தபோது தகடு முதல்முறையாகக் கெஞ்சியது. "அக்கா, நீங்களும் வாங்களேன். நான் தனியாக அங்கே போய் என்ன சொல்வேன்?"

அது அவர்களை அக்கா என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான். மூத்தவளுக்கு ஒரு நொடி மனசு இளகியது.

"அதே கதையைச் சொல்லு" என்றாள். "உருளைக்கிழங்கை மட்டும் விட்டுரு."

நான்காவது திருகும் வந்தது. தகடு கைக்குட்டைக்குள் போனது, கைக்குட்டை பைக்குள் போனது, பை காருக்குள் போனது.

தெய்வானை முதலில் அரிவாளால் புல்லின் தலையைக் கழித்தாள். பிறகு வண்டியைக் கொடிமரத்துக்குப் பக்கத்தில், மூன்று வாரத்துக்கு முன்னால் அது நின்ற அதே இடத்துக்குக் கொண்டுபோனாள். மேற்கே ஒரு வரி, கிழக்கே ஒரு வரி. வெட்டுப்படும் புல், "எந்தக் கம்பெனி?" என்று கேட்கவில்லை. "வந்துட்டீங்களா?" என்றுதான் கேட்டது.

கடைசி வரி முடிந்ததும் குழாயடிக்குப் போய்த் தண்ணீர் குடித்தாள். குடித்துவிட்டு வண்டியிடம் திரும்பி வந்தாள்.

வியாழக்கிழமை இரும்புக்காரர் வந்தார். வெறுங்கையோடு போனார். தெய்வானை இப்போது அந்தக் கிளப்பின் தோட்டக்காரி. ஆயுத பூஜைக்குக் கைப்பிடியில் சந்தனம் வைக்கிறாள். அது அடுத்த நாளே உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு போய்விடும். மும்பையில் கண்ணாடிப் பெட்டிக்குள் தாடி வெட்டும் மெஷினுக்குப் பின்னால் ஒரு தகடு மின்னுகிறது என்று சொல்கிறார்கள். வண்டியின் முன்பக்கத்தில் நான்கு திருகு ஓட்டைகள் இருக்கின்றன.