மந்துவின் இரண்டு முனைகள்

அந்தக் காலத்தில் புலி குழாயில் புகையிலை அடைத்துக்கொண்டு மனிதரிடம் நெருப்புக் கேட்கும். பறவைகள் உட்கார்ந்து ஊர்வம்பு பேசும். அப்போது கொரிய நாட்டின் வடக்கே, ஒரு மலையடிவாரத்தில் ஒக்புன் என்றொருத்தி இருந்தாள். கைவேலை சுத்தம். வாய்தான் கொஞ்சம் நீளம்.

புத்தாண்டுக்கு முதல்நாள் அந்த ஊரில் வீட்டுக்கு வீடு மந்து செய்வார்கள். மாவுத் தோலுக்குள் பூரணம் வைத்து மூடுவதால், நம் கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட அக்கா என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்நாளில் மந்து வெறும் அரைநிலாதான். முனைகள் இரண்டும் ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஒக்புன் பலகையில் தோல் தேய்ப்பாள். தங்கை சுந்தொக் பூரணம் வைத்து மூடுவாள். சின்ன வயதில் அம்மா பிரித்துக் கொடுத்த வேலை. அம்மா போய்ச் சேர்ந்த பிறகும், சுந்தொக் மலைக்கு அந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்ட பிறகும் அது மாறவில்லை. வருஷா வருஷம் மலை தாண்டி வந்துவிடுவாள். மூக்கெல்லாம் மாவோடு இருவரும் சிரிக்கிற சிரிப்பில், பானை பொங்கி வழிவதுகூடக் காதில் விழாது. எப்பேர்ப்பட்ட நாட்கள் அவை!

போன வருஷம் வந்தது வினை. பூரணத்தில் சேர்க்கிற டோஃபுவை, அதுதான் சோயாப் பாலைத் திரித்துச் செய்த கட்டியை, சுந்தொக் துணியில் கட்டிச் சரியாகப் பிழியவில்லை. பூரணத்தில் தண்ணீர் கோத்து, சூப்பில் போட்டதும் மந்து எல்லாம் பிளந்துகொண்டது. அன்றைக்குப் பார்த்து சுந்தொக்கின் நாத்தனாரும் கூட வந்திருந்தாள்.

"இவ வாயும் மூடாது, இவ மூடின மந்துவும் மூடாது. இவளை வச்சு எப்படித்தான் குடும்பம் நடத்துறீங்களோ!" என்றாள் ஒக்புன்.

விளையாட்டுக்குச் சொன்னதுதான். ஆனால் நாத்தனார் சிரித்தது விளையாட்டுச் சிரிப்பில்லை. சுந்தொக் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள். "இனிமே உன் பலகைகிட்ட நான் உட்கார மாட்டேன்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனவள்தான்.

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா? இந்த வருஷம் ஒக்புன் காலையிலேயே தோல் தேய்க்க உட்கார்ந்தாள். மூட ஆளில்லாமல் தோல்கள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. இன்றைக்கு வராவிட்டால் சுந்தொக் இனி என்றைக்குமே வரமாட்டாள் என்று அவளுக்குத் தெரியும்.

வாசல் மரத்தில் ஒரு காச்சி உட்கார்ந்திருந்தது. கருப்பும் வெள்ளையுமாய், நீண்ட வாலோடு இருக்கும் பறவை.

"என்னம்மா, தனியாவா?" என்று கேட்டது.

"மலைக்கு அந்தப் பக்கம் போவியா? என் தங்கச்சிகிட்ட போகணும்."

"போறேன். என்ன சொல்லணும்?"

"ஒண்ணும் சொல்லாதே. சொல்லித்தான் கெட்டேன். இதைக் குடுத்தாப் போதும்." ஒரு மந்துவை மூடி, பனியில் வைத்து உறைய விட்டுக் கொடுத்தாள்.

காச்சி அதைக் காலில் பற்றிக்கொண்டு பறந்தது. வேலி தாண்டுவதற்குள் வழுக்கி விழுந்தது மந்து. அடுத்ததும் அப்படியே விழ, அதை நரி தின்றது.

"இதை எங்கேன்னு பிடிக்கிறது? பிடிச்சுக்க ஒரு இடம் வேண்டாமா?" என்று சலித்துக்கொண்டது காச்சி.

ஒக்புன் இன்னொரு அரைநிலாவை மூடி, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதன் இரண்டு முனைகளையும் மெல்ல வளைத்து, ஒன்றின்மேல் ஒன்றை வைத்து, கட்டைவிரலால் அழுத்தினாள். நடுவில் ஒரு வளையம் விழுந்தது. அது உறைந்ததும் காச்சி காலை நுழைத்துக்கொண்டு, பனிமலைக்கு மேலே ஒரு புள்ளியாகிப் போயிற்று.

உச்சிப்பொழுது தாண்டியது. நிழல் முற்றத்தைக் கடந்தது. ஒக்புன் தோல் தேய்ப்பதை நிறுத்தவே இல்லை. பொழுது சாயப்போகும் நேரத்தில் வாசலில் காச்சி கத்தியது. பின்னாலேயே பாவாடை முழங்கால்வரை நனைந்து, மூச்சிரைக்க, உள்ளங்கையில் அந்த மந்துவோடு சுந்தொக் நின்றாள்.

"எங்க வீட்ல ஏழு பேரு. ஒத்தை மந்துவை அனுப்பினா நான் எப்படி சூப் வைக்கிறது?"

"அன்னிக்கு நான் பேசினது தப்புடீ" என்று ஒக்புன் அழுதேவிட்டாள்.

சுந்தொக் மந்துவில் கட்டைவிரல் பதிந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள். "முனையை ஏன் இப்படி வளைச்சே?"

"பிடிச்சுக்க ஒரு இடம் வேணும்னு பறவை கேட்டுச்சு."

"நானும் அதைத்தான்க்கா ஒரு வருஷமாத் தேடிக்கிட்டிருந்தேன்" என்றபடி சுந்தொக் பலகைக்கு எதிரே உட்கார்ந்து, காய்ந்த தோல் ஒன்றை எடுத்துத் தண்ணீர் தொட்டாள்.

டோஃபுவைப் பிழியும் வேலை மட்டும் அதன்பின் அக்காவிடமே இருந்தது. இன்றும் சில வீடுகளில் அரைநிலா மந்துவே செய்கிறார்கள். அங்கே சண்டை வந்ததில்லை போலும். மற்ற வீடுகளில், அன்று முதல்தான் மந்துவின் இரண்டு முனைகளும் வளைந்து வந்து ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன.