பஞ்சு வைத்த காது

கிணற்றுக்குள் யாரோ தாழ்ப்பாள் போட்டதுபோல ஓர் ஓசை. முதலில் இரும்பு வழுக்கும். அடுத்து, ஆழத்தில் ‘தொம்’ என்று பூட்டும். அதன் பின்னால் ஒரு நீண்ட வால், மெல்ல ஏறி, மெல்ல இறங்கும். ஏழு வயதில் கேட்டது. ஐம்பத்தொரு வயதிலும் கமலவேணியின் காதில் அது இருந்தது.

அவள் அப்பாவின் துப்பாக்கியில் போல்ட் மூடும் ஓசை அது. பாயின்ட் டூ டூ என்பார்கள்; தோட்டாவின் விளிம்பில் அடிபட்டு வெடிக்கும் சின்ன ரகம். ஒரு தோட்டா போட்டு, போல்ட்டைத் தள்ளிப் பூட்டிச் சுட வேண்டும். மறுபடி திறந்து, அடுத்ததைப் போட வேண்டும்.

அப்பா ஓவிய ஆசிரியர். ஞாயிற்றுக்கிழமைகளில் மலையடிவாரத்து ரைபிள் கிளப்பில் தரையில் படுத்துக் காகித வட்டங்களைச் சுடுவார். ஒரு தேர்தல் சமயம், எல்லாரையும் போல, துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்தார். வாக்கு எண்ணி முடிப்பதற்குள் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். வீட்டில் வேறு யாருக்கும் லைசென்ஸ் கிடையாது. துப்பாக்கி திரும்பி வரவில்லை.

கமலவேணி பஸ் டிப்போவில் டைம் கீப்பர். பிள்ளைகளெல்லாம் ஒரு நிலைக்கு வந்த பிறகு, அதே கிளப்பில் சுடப் பழக வந்தாள். சொந்தமாக ஒன்று வாங்க மனுப் போட்டு, காத்திருந்து, அனுமதியும் கிடைத்தது. ஆனால் அதற்கு ஒரு கெடு உண்டு. கெடு இந்த மாதக் கடைசியோடு முடிகிறது. தவறவிட்டால் மனு, விசாரணை, டாக்டர் சான்று எல்லாம் முதலிலிருந்து. இன்னொரு முறை காத்திருக்கக் கண்ணில் தெம்பு இருக்குமா என்பது அவளுக்கே நிச்சயமில்லை.

சுடச் சொல்லிக்கொடுப்பவள் பிலோமினா. போலீஸ் துப்பாக்கி அணியில் இருந்துவிட்டு வந்தவள். கமலவேணியைவிட மிகவும் இளையவள். கமலவேணி அவளை ‘மாஸ்டர்’ என்பாள். அவள் கமலவேணியை ‘அக்கா’ என்பாள். அதில் இருவருக்கும் கூச்சமில்லை.

“என்னக்கா, வாங்கியாச்சா?”

“இல்ல மாஸ்டர்.”

“நேத்து கடைக்குப் போனீங்களே?”

“போனேன். நம்ம கைக்கு அடங்குற விலையில மூணு காட்டினாரு. மூணும் சரியில்ல.”

“என்ன சரியில்ல?”

“முதல்ல காட்டினது நம்ம ஊர் அரசாங்கத் தொழிற்சாலையில செஞ்சது. மூடினா ‘டக்’குன்னு முடிஞ்சுபோச்சு. வாலே இல்ல. ரெண்டாவது வெளிநாட்டுச் சரக்கு, ஒரு எஸ்டேட் டாக்டர் வச்சிருந்ததாம். அது எலி கத்துற மாதிரி. மூணாவது பிளாஸ்டிக் கட்டை. டிபன் பாக்ஸ் மூடின மாதிரி இருக்கு.”

பிலோமினா கையிலிருந்த எண்ணெய்த் துணியைக் கீழே வைத்தாள்.

“எதையாவது தோள்ல வச்சுப் பார்த்தீங்களா?”

“இல்ல.”

“ட்ரிகருக்கு விரல் எட்டுதான்னு?”

“பார்க்கல.”

“பின்ன அவ்வளவு நேரம் கடையில என்ன பண்ணீங்க?”

“கண்ணை மூடிக்கிட்டு நின்னேன். கடைக்கார பாய் ஒவ்வொண்ணா மூடி மூடிக் காட்டினாரு.” கமலவேணி தலையைக் குனிந்துகொண்டாள். “கடைசியில உதுமான் பாய் கேட்டுட்டாரு, ‘ஏம்மா, நீங்க துப்பாக்கி வாங்க வந்தீங்களா, வீணை வாங்க வந்தீங்களா’ன்னு.”

பிலோமினாவுக்குச் சிரிப்பு வந்தது. கமலவேணி சிரிக்காததைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

“எங்க அப்பா துப்பாக்கி மாதிரி ஒண்ணு எங்கயாவது இருக்கும் மாஸ்டர். அந்தச் சத்தம் கேட்டா எனக்குத் தெரிஞ்சுடும். அதை வாங்கணும்னுதானே இத்தனை பாடு. நல்ல துப்பாக்கிய வேற எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

“போய்ச் சுடுங்க அக்கா. அப்புறம் பேசலாம்.”

அன்று கமலவேணியின் பங்குக்கு வந்தது கிளப்பிலேயே பழைய துப்பாக்கி. கட்டையில் பாலிஷ் போய்ப் பலகை நிறம் தெரிந்தது. போல்ட் ஆடும். அதற்கு அவள் வைத்திருந்த பெயர் ‘லாரி கியர்’. ஒவ்வொரு முறை மூடும்போதும் முகத்தைச் சுளித்தாள். குண்டுகள் வட்டத்தின் நாலாபக்கமும் போய் உட்கார்ந்தன.

மதிய வெயில் ஏறியது. மற்றவர்கள் சாமான்களைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். பிலோமினா சிவப்புக் கொடியை இறக்கிவிட்டு வந்தாள். சுடுவது முடிந்தது என்று அர்த்தம்.

“அக்கா, அப்பா சுடறப்ப நீங்க எங்க இருப்பீங்க?”

“இங்கதான். அந்தக் கடைசி மேடையில.”

“பக்கத்துல உட்கார்ந்தா?”

“இல்ல.” கமலவேணி தயங்கினாள். “முதுகு மேல.”

“முதுகு மேலயா?”

“அவர் குப்புறப் படுத்திருப்பாரு. நான் முதுகுல தலையச் சாய்ச்சுக்குவேன். அவர் தோளை லேசா அசைச்சா நான் எழுந்து பின்னால போயிடணும். அப்புறம்தான் சுடுவாரு. சுட்டதும் மறுபடி வந்து படுத்துக்குவேன். வேற யாரும் இல்லாத நேரமாப் பார்த்துத்தான் அப்படி விடுவாரு. கிளப் செகரட்டரி பார்த்தா திட்டுவாருன்னு பயம்.”

“திட்டியிருக்கணும். நானா இருந்தா ரெண்டு பேரையும் வெளிய அனுப்பியிருப்பேன்.”

“உங்களப் பார்த்தா அப்பா பயந்திருப்பாரு மாஸ்டர்.”

“காதுக்கு என்ன?”

“காதுக்கா? பஞ்சு. தலையணையிலிருந்து பிய்ச்சு அவரே வச்சு விடுவாரு. காது நிறைய. அம்மா கத்துவாங்க, தலையணை இளைச்சுப்போச்சுன்னு.”

சொல்லிவிட்டுக் கமலவேணி சிரித்தாள். பிலோமினா சிரிக்கவில்லை. ஆபீஸ் அறைக்குப் போய் முதலுதவிப் பெட்டியைத் திறந்து பஞ்சுச் சுருளை எடுத்து வந்தாள். இரண்டு உருண்டை பிய்த்து நீட்டினாள்.

“வச்சுக்குங்க.”

“எதுக்கு?”

“வச்சுக்குங்க அக்கா. நிறைய.”

பிறகு அவள் லாரி கியரை எடுத்தாள். போல்ட்டைத் திறந்து, உள்ளே விரலை விட்டுப் பார்த்து, கமலவேணியிடமும் காட்டினாள். காலி. கடைசி மேடையில் பாயை விரித்துக் குப்புறப் படுத்தாள். துப்பாக்கியைத் தோளில் வாங்கிக்கொண்டு, இடது கையால் தன் முதுகைத் தட்டிக் காட்டினாள்.

கமலவேணி சுற்றிலும் பார்த்தாள். மைதானத்தில் வெயிலைத் தவிர யாருமில்லை.

“இந்த வயசுல எனக்கு வெட்கமா இருக்கு மாஸ்டர்.”

பிலோமினா மறுபடி முதுகைத் தட்டினாள்.

கமலவேணி முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள். பிறகு சாய்ந்தாள். பிறகு தலையை வைத்தாள். காக்கிச் சட்டையில் வியர்வையும் துப்பாக்கி எண்ணெயும் மணத்தன. உலகத்துச் சத்தங்கள் எல்லாம் பஞ்சுக்கு அந்தப்பக்கம் நின்றுவிட்டன.

பிலோமினா போல்ட்டைத் தள்ளினாள்.

இரும்பு வழுக்கியது. ஆழத்தில், எலும்புக்கும் கீழே எங்கோ, ‘தொம்’ என்றது. அதன் பின்னால் குறி பார்ப்பவளின் மூச்சு, மெல்ல ஏறி, மெல்ல இறங்கியது.

கமலவேணி அசையவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, “இன்னொரு தடவை” என்றாள்.

பிலோமினா திறந்தாள். மூடினாள். மூச்சு ஏறி இறங்கியது.

“இன்னொண்ணு.”

திறந்தாள். மூடினாள்.

அதற்குமேல் கமலவேணி கேட்கவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. காக்கிச் சட்டையின் முதுகில், வியர்வை இல்லாத ஓரிடம் நனைந்தது. வேப்பமர நிழல் பாயின் ஓரத்துக்கு வந்து, பாயின் மேல் ஏறி, இருவர் கால்களையும் மூடியது. பிலோமினாவின் முழங்கையில் சிற்றெறும்புகள் வரிசையாக ஏறின. அவள் தோளை அசைக்கவில்லை. அசைத்தால் எழுந்துவிடுவாள் என்று தெரியும்.

கடைசியில் கமலவேணி தானாகவே எழுந்து உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிலோமினாவும் எழுந்து முழங்கையைச் சொறிந்தாள். அது சிவந்து தடித்திருந்தது.

“கடிச்சிடுச்சா? சொல்லியிருக்கலாமே மாஸ்டர்.”

“சொன்னா கேட்டிருக்குமா உங்களுக்கு?”

கமலவேணி, பாயின் மேல் கிடந்த துப்பாக்கியைப் பார்த்தாள். பாலிஷ் போன கட்டை. ஆடும் போல்ட்.

“இதுவா?” என்றாள். “இந்த லாரி கியரா?”

“எதை வேணும்னாலும் எடுத்துட்டு வாங்க. நான் படுத்துக் காட்டறேன்.”

மலைப்பக்கமிருந்து காற்று வந்து காகிதக் குறிகளைப் படபடக்க வைத்துவிட்டுப் போனது.

“அப்பாவோட துப்பாக்கி இப்ப எங்க இருக்கும்?”

“ஸ்டேஷன் கிடங்குல துருப்பிடிச்சிருக்கும். இல்ல, உருக்கியிருப்பாங்க.”

“அப்போ அது போனதுதானா?”

“துப்பாக்கி போனதுதான் அக்கா.”

இதைச் சொன்ன குரல் அவ்வளவு மெதுவாக இருந்ததால் பஞ்சு வழியே பாதிதான் கேட்டது. ஆனாலும் கமலவேணி தலையை ஆட்டினாள்.

“கெடு முடியப்போகுது மாஸ்டர். நாளைக்கு மறுபடியும் கடைக்குப் போகணும். தோள்ல வச்சுப் பார்க்கணும், விரல் எட்டுதான்னு பார்க்கணும், எடை தாங்குதான்னு பார்க்கணும். எல்லாம் எனக்குத் தெரியும். ஆனா கையில வாங்கினதும் பழக்கதோஷத்துல போல்ட்டை மூடுவேன். மூடினதும் கேட்பேன். கேட்டதும் இது இல்லைன்னு தோணும். நான் என்ன செய்ய?”

பேசிக்கொண்டே, காதிலிருந்த பஞ்சை எடுக்கக் கையைக் கொண்டுபோனாள். பிலோமினா அந்தக் கையைப் பிடித்து மடியில் இறக்கி வைத்தாள்.

“அது அப்படியே இருக்கட்டும் அக்கா. நாளைக்கு அதோடயே கடைக்குப் போங்க.”

மறுநாள் கமலவேணி வாங்கியது, முதலில் வேண்டாமென்று ஒதுக்கிய அரசாங்கத் தொழிற்சாலைத் துப்பாக்கியை. அதுதான் அவள் தோளுக்குச் சரியாக இருந்தது. அடுத்த வருடம் மாவட்டப் போட்டியில், படுத்துச் சுடும் பிரிவில், ஒன்பதாவதாக வந்தாள்.