விக்கல் பாட்டு

இருதயராஜுக்கு ஐம்பத்தோரு வயது. பாளையங்கோட்டையில் ஒரு மெல்லிசைக் குழுவில் பழைய படப்பாட்டு பாடுகிறவர். அவருக்குச் சங்கீதம் சொல்லிக் கொடுத்த செண்பகம் டீச்சருக்கு முப்பத்தெட்டு.

போன தை மாதம் ஒரு கல்யாண வரவேற்பில், சோகப் பாட்டின் நடுவே அவருக்கு விக்கல் பிடித்துக்கொண்டது. தண்ணீர் குடித்தும் நிற்கவில்லை. பாட்டை நிறுத்த மனமில்லாமல் விக்கலையும் தாளத்தில் சேர்த்துப் பாடி முடித்தார். பந்தியில் இருந்தவர்கள் எச்சில் கையோடு எழுந்து வந்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். யாரோ செல்போனில் எடுத்து அனுப்ப, ஊர் ஊராகப் பரவியது.

அதன் பிறகு மேடைக்கு வருகிற விருப்பச் சீட்டு எல்லாவற்றிலும் ஒரே வரிதான்: விக்கல் பாட்டு. இப்போது சிங்கப்பூரிலிருந்தே கூப்பிட்டுவிட்டார்கள்.

இருதயராஜ் டீச்சர் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது.

“சிங்கப்பூருக்கு வரலன்னு சொல்லப் போறேன் டீச்சர். இனிமே பாடவும் போறதில்ல.”

“ஏன் அண்ணாச்சி?”

“எட்டு வருஷம் உங்ககிட்ட படிச்சேன். ஒருத்தரும் என் பாட்டைக் கேக்க வரல. கோமாளியத்தான் பாக்க வாராங்க.”

டீச்சர் சுருதிப் பெட்டியைப் போட்டார். “எனக்கு அந்த விக்கலைச் சொல்லிக் குடுங்க.”

“விளையாடாதீங்க டீச்சர்.”

“நெசமாத்தான்.”

டீச்சர் பாடினார், விக்கினார். சுருதி இறங்கிப் போனது. மறுபடி விக்கினார். தாளம் தப்பியது. சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த அவர் கணவர், உடம்புக்கு ஏதோ என்று பயந்து ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

இருதயராஜுக்குப் பொறுக்கவில்லை. “தாளத்தோட அடிக்கு அரை இடம் தள்ளி விக்கணும். விக்குனதும் விட்ட சுரத்துலயே வந்து நிக்கணும்.”

பாடிக் காட்டினார். டீச்சர் திரும்பப் பாடினார்.

“சுரம் நழுவுது. இன்னொருக்கா.”

முக்கால் மணி நேரம் அவர் விடவில்லை. தொடையில் தாளம் தட்டி, அதட்டி, அதட்டிப் பாட வைத்தார். டீச்சருக்கு வியர்த்துவிட்டது. கடைசிவரை வரவில்லை.

“நாலு மாசம் சாதகம் பண்ணுனா வந்துரும்,” என்றார் இருதயராஜ். சொன்ன பிறகுதான் வந்த விஷயம் ஞாபகம் வந்தது. குரல் தணிந்தது. “ஆனா டீச்சர், அவங்க சிரிக்கத்தான செய்யுதாங்க. பாட்டை எங்க கேக்காங்க?”

டீச்சர் செம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தார்.

“கேக்காமலா அண்ணாச்சி, சரியா அந்த இடத்துல சிரிக்காங்க?”