தராசும் குடைந்த கல்லும்

கப்பல்கள் காற்றை நம்பியே கரைசேர்ந்த காலம் அது, கேளுங்கள்! முத்தலைத் துறையில் இரண்டு அரிசி வணிகர்கள் இருந்தார்கள். அசனார் முஸ்லிம், சூசை கிறிஸ்தவர். வேதம் ஆளுக்கொன்று, ஆனால் ஒரே கடை, ஒரே தராசு, ஒரே எடைக்கல். எடை குறையும்படி அந்தக் கல்லின் அடியைக் குடைந்து மெழுகால் அடைத்து வைத்திருந்தார்கள் இந்தப் புண்ணியவான்கள்!

மற்றபடி அசனாருக்குப் பக்தியில் குறைவில்லை. கடைசி நாளில் மனிதரின் செயல்களை இறைவன் தராசில் நிறுப்பான் என்று அவர் வேதம் சொன்னது. தராசு பிடிப்பவர் அல்லவா, அந்த நினைப்பு அவரை விடவே இல்லை. அதன் தண்டு எவ்வளவு நீளம்? தட்டு இரும்பா, பொன்னா? ஒரு பொய்க்கு எடை எத்தனை பலம்?

"எங்க வேதத்துலயும் ஒரு ராசாவை நிறுத்துப் பாத்து, குறைஞ்சவன்னு சொல்லியிருக்கு. ஆனா அது உவமை ஓய்! கடவுள் என்ன கடையா வச்சிருக்காரு?" என்றார் சூசை.

"எழுதினது எழுதினபடிதான் ஓய். மெய்த் தராசுதான்!" என்றார் அசனார்.

பள்ளிவாசலில் ஓதிக்கொடுக்கும் லெப்பைமாரைக் கேட்டார்கள். ஒருவர் மெய் என்றார், ஒருவர் உவமை என்றார். பாதிரிமாரைக் கேட்டார்கள். அவர்களும் அப்படியே இரண்டாகப் பிரிந்தார்கள். மூன்றாவதாக, உப்பைக் கொடுத்து அரிசி வாங்க வந்த பேச்சியைப் பிடித்துக்கொண்டார்கள்.

"பேச்சி, நீயே சொல்லு. இது ஒருத்தன் செஞ்ச செயல்னு வச்சுக்க. இதை மேல மெய்யாவே நிறுப்பாங்களா, மாட்டாங்களா?" என்று கேட்ட அசனார், பேச்சு வேகத்தில் அந்த எடைக்கல்லையே தூக்கி அவள் கையில் கொடுத்துவிட்டார்.

பேச்சி நாளெல்லாம் உப்பு சுமப்பவள். கல்லை ஒரு தரம் தூக்கிப் பார்த்தாள். மறு தரம் தூக்கிப் பார்த்தாள். மூன்றாம் தரம் தூக்கியபோது அவள் முகம் மாறியது.

"அண்ணாச்சி, மேல இருக்கிற தராசு மெய்யோ உவமையோ, எனக்குத் தெரியாது. இந்தக் கல்லு மெய்தானே? இது எடை குறையுதே! வீட்டுல அளந்து பாத்தா தினம் ஒரு கை அரிசி குறையுது. தூக்கிட்டு வர்ற வழியில என் மக தின்னுட்டான்னு அவளை அடிச்சிருக்கேன்."

அந்த அடிக்கு எடை எத்தனை பலம் என்று நினைத்தார் அசனார். சூசை அவள் கையிலிருந்த கல்லை வாங்கிக்கொண்டு துறைக்கு நடந்தார்.

கல் கடலுக்குப் போயிற்று. இத்தனை நாள் குறைந்த அரிசியைச் சுமந்துகொண்டு இருவரும் பேச்சி வீட்டுக்குப் போனார்கள். "நீ திங்கலை தாயி, திருடினது நாங்கதான்," என்று அந்தச் சிறுமியிடம் சொன்னார் அசனார்.

மெய்யா உவமையா என்ற வாதம் அந்தக் கடையில் அதன்பிறகும் நடந்தது, சரியான கல்லை வைத்துக்கொண்டு.

வேதத்தை நேராகப் படித்தாலும் உவமையாகப் படித்தாலும், கையில் நேர்மை இல்லாதவனுக்கு எந்தப் பொருளும் துணைக்கு வராது.