பேச்சி இறங்காத ஆட்டம்

கூடைப்பந்து ஆடத் தெரியாதவர்களும் இந்தப் புதிருக்கு விடை சொல்லலாம். யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்று கவனமாகக் கேட்டால் போதும்.

கடற்கரைப் பக்கம் ஒரு சின்ன ஊர். அங்கே பெண்கள் பள்ளி ஒன்றில் ஒரு கூடைப்பந்து அணி இருந்தது. களத்தில் ஐந்து பேர் ஆடுவார்கள். பெரிய பள்ளிகளில் மாற்று ஆட்களே ஒரு வரிசை நிறைய உட்கார்ந்திருப்பார்கள். இவர்களிடம் இருந்ததோ இரண்டே பேர்.

ஆடுகிறவர்களில் முக்கியமானவள் ஜெசிந்தா. பந்தைத் தட்டிக்கொண்டு முன்னால் கொண்டுபோவது அவள் வேலை. பந்து அவள் கையில் இருந்தால்தான் மற்ற நாலு பேருக்கும் ஓட்டமே வரும்.

வெளியே உட்கார்ந்தவர்களில் ஒருத்தி தவமணி. நல்ல உயரம். கூடைக்கு அடியில் நின்று கையைத் தூக்கினால் பந்து அவளுக்குத்தான். ஆனால் தட்டிக்கொண்டு நாலடி நடந்தால் யாராவது பறித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

இன்னொருத்தி பேச்சி. ஜெசிந்தாவின் வேலையை வேறு யாராவது செய்ய முடியுமென்றால் அது இவள்தான். பயிற்சியில் தினமும் ஜெசிந்தாவை மறித்து ஆடுகிறவள். ஜெசிந்தா நன்றாக ஆட ஆட, பேச்சிக்கு இடமில்லாமல் போனது. இரண்டு வருஷமாகத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள், துண்டு நீட்டினாள், கை தட்டினாள். உள்ளே ஆடுகிறவர்கள் ஒருத்தி பேரை ஒருத்தி கத்திக் கூப்பிட்டுக்கொள்வார்கள். தன் பேரை யாரும் அப்படிக் கூப்பிட்டு அவள் கேட்டதில்லை. பரீட்சை முடிந்ததும் அவளைத் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு அனுப்புவதாக வீட்டில் முடிவாகியிருந்தது. அதற்குள் ஒரே ஒரு ஆட்டமாவது இறங்கி ஆடிவிட வேண்டும். அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

மாவட்டப் போட்டியின் இறுதி ஆட்டம் வந்தது. பேச்சிக்கும் அதுதான் கடைசி.

இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் ஜெசிந்தா எம்பிக் குதித்தாள். இறங்கும்போது எவளுடைய காலையோ மிதித்துக் கணுக்கால் மடங்கிவிட்டது. இடைவேளை விட்டதும் நொண்டிக்கொண்டே வெளியே வந்தாள். அணிக்குப் பயிற்சி கொடுக்கும் எஸ்தர் டீச்சர் நடுவர் மேசையில் ஏதோ வாதாடிக்கொண்டிருந்தார். பேச்சிதான் ஐஸ் வைத்தாள். விரலால் அமுக்கிய இடம் குழியாகவே நின்றது.

"நல்லா இறுக்கிக் கட்டுட்டி. டீச்சர் கேட்டா ஒண்ணுமில்லன்னு சொல்லிரு" என்றாள் ஜெசிந்தா.

"வீக்கத்தப் பாத்தியா? இதோட ஓடுனா காலு போயிரும்."

"என் காலுதான, உனக்கென்ன? சொல்ல மாட்டேன்னு சொல்லு."

காலை இறுக்கிக் கட்டிக்கொண்டே, சொல்ல மாட்டேன் என்று பேச்சி வாக்குக் கொடுத்தாள்.

டீச்சர் வந்தார். "ஓடிருவியா ஜெசி?"

"ஓடிருவேன் டீச்சர்."

டீச்சர் பேச்சியைப் பார்த்தார். "கட்டுனது நீதான. நீ சொல்லு."

பேச்சி தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னாள். "ஓட முடியாது டீச்சர்."

ஜெசிந்தா சிரித்தாள். "பாத்தீங்களா டீச்சர்? நான் எப்ப விழுவேன்னு ரெண்டு வருசமா காத்துக் கெடந்திருக்கா."

பக்கத்தில் நின்றவள் ஒருத்தி, "பேச்சிக்கு இன்னைக்கு நல்ல நாளுதாம்ட்டி" என்றாள். எல்லாரும் பேச்சியையே பார்த்தார்கள்.

டீச்சர் குனிந்து, கட்டை அவிழ்த்து, தானே அமுக்கிப் பார்த்தார். ஜெசிந்தாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இந்தக் காலோட நீ நடக்கவே கூடாது. பேச்சி, நீ இறங்கு" என்றார்.

பேச்சி எழுந்திருக்கவில்லை. "நான் போகல டீச்சர். தவமணி போகட்டும்."

"நானா? எனக்குப் பந்து கொண்டுபோக வராதுல்லா" என்றாள் தவமணி.

"உனக்கு வரும்லா பேச்சி, எந்திரி" என்றார் டீச்சர்.

"நான் போகல டீச்சர்."

இடைவேளை முடிந்து விசில் ஊதிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் தவமணியை உள்ளே அனுப்பினார் டீச்சர்.

தவமணி பந்தைத் தட்டும்போதெல்லாம் எதிராளிகள் பறித்தார்கள். "ஏ ஒட்டகச்சிவிங்கி, பந்து கீழ இருக்கு, குனிஞ்சு பாரு" என்று கூட்டத்தில் ஒருவன் கத்த, எல்லாரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவள் பந்தைத் தொடவே பயந்தாள். ஆட்டம் கொஞ்சப் புள்ளி வித்தியாசத்தில் கையை விட்டுப் போனது.

திரும்புகிற வேனில் பேச்சி பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. ஆளுக்கு ஒரு வார்த்தை மட்டும் வந்தது.

"வாக்குக் கொடுத்துட்டு மாத்திட்டியேட்டி. நீ வாய மூடியிருந்தா நான் ஆடியிருப்பேன்" என்றாள் ஜெசிந்தா.

"நீ இறங்கியிருந்தா கப்பு நம்ம கையில இருந்திருக்கும்" என்றார் டீச்சர்.

"தெரிஞ்சே என்னயக் கொண்டு நிப்பாட்டிட்டியே" என்றாள் தவமணி.

பேச்சி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கேட்டவர்களே, இப்போது சொல்லுங்கள். மூன்று பேரும் பேச்சி மேல் கோபப்பட்டார்கள். அதில் யார் கோபம் நியாயம்?

விடை: தவமணியின் கோபம்தான் நியாயம். ஜெசிந்தாவுக்குக் கொடுத்த வாக்கு, அவள் காலையே கெடுக்கிற வாக்கு. அதை மீறியதில் குற்றமில்லை. டீச்சருக்குப் போனது ஒரு கப்பு. அடுத்த வருஷம் வேறு பிள்ளைகளை வைத்து அதை வாங்கிவிடலாம். ஆனால் டீச்சர் தானே காலை அமுக்கிப் பார்த்த அந்த நிமிஷமே, பேச்சி சொன்னது உண்மை என்று ஆகிவிட்டது. அதற்கு மேல் அவள் எதையும் விட்டுக்கொடுத்து நிரூபிக்க வேண்டியதில்லை. இடத்துக்காகச் சொன்னாள் என்று பேர் வந்துவிடுமோ என்று பயந்து, அந்தப் பேரைத் தவிர்க்கத் தவமணியைக் களத்தில் நிறுத்தினாள். சிரிப்பை வாங்கிக்கொண்டது தவமணி. பேச்சிக்கும் இது விளங்காமல் இல்லை. வேன் டீக்கடையில் நின்றபோது தவமணியிடம் மட்டும் போய், "தப்பு எம்மேலதான்" என்றாள். தவமணி "சரி, விடு" என்று சொன்னாள். சொல்லிவிட்டு, டீ டம்ளரை எடுத்துக்கொண்டு மற்றவர்கள் நிற்கிற பக்கம் போய்விட்டாள்.